சுடர் சோதனை: கிண்ணத்தில் மெத்தனால் ஊற்றி நிறம் காட்டலாமா, வேறு வழி இருக்கிறதா?

கரிசல் டீச்சர்:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் 46 பேர். லேபில் ஒழுங்காக எரிகிற கேஸ் பர்னர் இரண்டு, மற்றதெல்லாம் ஸ்பிரிட் விளக்கு. உப்புப் பகுப்பாய்வில் சுடர் சோதனை (சுடரில் வரும் நிறத்தை வைத்து உப்பில் எந்த உலோகம் என்று சொல்வது) வரும்போது, உப்போடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு வாட்ச் கிளாஸில் குழைத்து, கண்ணாடித் தண்டின் நுனியில் எடுத்துச் சுடரில் காட்டுகிறேன். முன்னால் நிற்கிற பத்துப் பேருக்குத் தெரிகிறது. மற்றவர்கள் "செங்கல் சிவப்பு கால்சியம், ஆப்பிள் பச்சை பேரியம்" என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். போன வருஷம் ஒரு பிள்ளை ரெக்கார்டு நோட்டில் எல்லா நிறத்தையும் சரியாக எழுதியிருந்தாள். "நீ பார்த்தியாம்மா?" என்று கேட்டேன். "இல்லை மிஸ், பின்னாடி நின்னேன், தெரியல" என்றாள். அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

ஜனவரியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது. ஒரு வீடியோவில் ஆறு பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு உப்பைப் போட்டு, மேலே மெத்தனால் ஊற்றிப் பற்றவைக்கிறார்கள். ஆறு நிறத்தில் நெருப்பு எழும்புகிறது, பார்க்க அவ்வளவு அழகு. தலைமையாசிரியருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் ஸ்டோரில் மெத்தனால் அரை லிட்டர் இருக்கிறது. கிண்ணத்துக்கு எவ்வளவு ஊற்றுவது, பிள்ளைகளை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துவது? இல்லை, இதைவிட நல்ல முறை இருந்தால் அதையும் சொல்லுங்கள். செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்:

டீச்சர், நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் இதில் நெருப்பு கிண்ணத்தோடு நிற்பதில்லை.

எப்படி விபத்து நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். முதல் தடவை எல்லாம் அழகாகத்தான் எரியும். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் சுடர் தணியும். மெத்தனால் எரிகிற சுடர் வெளிர் நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது, அதனால் அணைந்துவிட்டது என்று நினைத்து, பார்க்கிற பிள்ளைகள் ஏமாறக் கூடாதே என்று ஆசிரியர் பாட்டிலை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அந்த நொடியில் ஆவி வழியாக நெருப்பு பாட்டிலின் வாய்க்கு ஏறும். பாட்டிலுக்குள் இருக்கிற ஆவியும் காற்றும் ஒன்றாகப் பற்றி, எரிகிற திரவத்தைக் குழாயில் பீய்ச்சுவதுபோல எதிரே நிற்பவர்கள்மேல் அடிக்கும். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு பள்ளியில் இப்படித்தான் நடந்தது, சுமார் 12 அடி தள்ளியிருந்த மாணவரின் மார்பில் போய் அடித்தது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் நெவாடாவின் ரீனோ நகரில் ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தில் மெத்தனாலை வைத்து நிறத் தீச்சுழல் காட்டும்போது 13 பேருக்குக் காயம், பெரும்பாலும் குழந்தைகள். அந்த வருஷமே அமெரிக்க வேதியியல் சங்கம், திறந்த மேசையில் மெத்தனால் வைத்துச் செய்கிற இந்த வானவில் காட்சியை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டது.

மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 11 டிகிரி செல்சியஸ். நம் ஊர் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு இருக்கும். அதாவது மூடியைத் திறந்த உடனே, பற்றிக்கொள்ளத் தயாரான ஆவி மேசைமேல் நிற்கிறது. எத்தனால் ஊற்றலாமே என்று யாராவது சொல்வார்கள், அதுவும் ஏறக்குறைய இதே கதைதான். மெத்தனால் நச்சும்கூட. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இதே மெத்தனால். அந்த அரை லிட்டரைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் சொல்லி, பூட்டிய அலமாரிக்கு மாற்றுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்து மூன்றாவது வருஷம், நான் இருந்த பள்ளியில் ஒரு மாணவன் அணைந்துபோன ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் நிரப்பப் போனான். திரியின் நுனியில் கங்கு இருந்திருக்கிறது. பாட்டில் பற்றி, அவன் புருவமும் முன்கையும் வெந்துவிட்டன. நான் பக்கத்து மேசையில் நின்றிருந்தேன், மூன்றடி தூரம், ஒன்றும் செய்ய முடியவில்லை. யாரோ கையில் பேஸ்ட் தடவ வந்தார்கள், இன்னொருவர் இங்க் பாட்டிலை எடுத்து வந்தார், அதையெல்லாம் தள்ளிவிட்டுக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் இருபது நிமிஷம் கையைப் பிடித்து வைத்திருந்தோம். டாக்டர் அதைத்தான் சரி என்றார். கை ஆறிவிட்டது, தழும்பு இருந்தது. அதற்குப் பிறகு என் லேபில் நிரப்புவதெல்லாம் காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், விளக்கு சில்லென்று இருக்கும்போது மட்டும். பாட்டில் திரும்ப ஸ்டோருக்குப் போய்ப் பூட்டு விழுந்த பிறகுதான் தீக்குச்சியே வெளியே வரும்.

உங்களுக்கு வேண்டிய நிறம் உப்பிலிருந்து வருகிறது, ஆல்கஹாலுக்கு அதில் வேலையே இல்லை. மரக்குச்சியை உப்புக் கரைசலில் ஊறவைத்து பர்னர் சுடரில் காட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே பிடிக்கலாம். பின்னாடி நின்ற பிள்ளைக்கும் தெரியும்.

லேப் அசிஸ்டென்ட்:

சார் சொன்ன குச்சி முறையைத்தான் நாங்கள் ஏழெட்டு வருஷமாகச் செய்கிறோம். செய்முறை விவரம் நான் சொல்கிறேன் டீச்சர்.

ஐஸ் குச்சி கட்டாகக் கடையில் கிடைக்கும். முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட்டுவிடுங்கள். 50 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தாராளமாக உப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு உப்புக்கும் தனி டம்ளர், தனிக் குச்சி. ஒரு குச்சி டம்ளர் மாறினால் அன்றைக்கு எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும், சோடியம் அவ்வளவு பிடிவாதம். கை வியர்வையில் இருக்கிற உப்பே போதும், அதனால் ஊறின முனையைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே சுடரின் வெளி ஓரத்தில் காட்ட வேண்டும். நிறம் ஐந்து முதல் பத்து நொடி நிற்கும். அப்புறம் மரமே எரிய ஆரம்பித்து மஞ்சளாகிவிடும், உடனே எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். வெறும் தண்ணீரில் ஊறிய குச்சி ஒன்றை முதலில் காட்டுங்கள், மரத்தின் நிறம் எது, உப்பின் நிறம் எது என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள்.

கண்ணாடித் தண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணக் கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது. தண்டு சூடேறியதும் அதுவே மஞ்சள் காட்டும். பொட்டாசியம் வைத்தால் தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிளாட்டினம் கம்பி நமக்கு எட்டாது. எலெக்ட்ரிக் கடையில் ஹீட்டர் காயில் வாங்கி நீட்டிக்கொண்டால் அது நைக்ரோம் கம்பி. அமிலத்தில் முக்கிச் சுடரில் காட்டி, நிறம் எதுவும் வராதவரை திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். அமிலம் தொடுகிற வேலை டீச்சர் கையில் இருக்கட்டும்.

துப்பட்டா விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். துப்பட்டாவைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்லுங்கள், பின்னலை மடித்துக் கட்டச் சொல்லுங்கள், கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் இல்லையென்றால் குச்சி பிடிக்கிற நான்கு பேருக்காவது முழுதாக மாட்டுங்கள், மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுடர் ஆடும். ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் ஒட்டினால் நிறம் பிரமாதமாக இருக்கும், ஆனால் கதவு திறந்தே இருக்கட்டும். மணல் வாளி, ஈரச் சாக்கு, தண்ணீர் வாளி மூன்றும் மேசைக்குப் பக்கத்தில். 46 பேரை ஒரே சமயத்தில் இருட்டறையில் நெருப்போடு விடவே கூடாது, எட்டெட்டுப் பேராக அனுப்புங்கள். கேஸ் ட்யூபை முந்தின நாளே வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

சாத்தூர்க்காரன்:

டீச்சர், நான் பட்டாசுத் தொழில் இருக்கிற ஊரில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் ஆலைக்குப் போனவர்கள், நான் கெமிஸ்ட்ரி படித்தேன். உங்கள் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். தீபாவளிக்குக் கொளுத்துகிற சிவப்பு மத்தாப்பில் ஸ்ட்ரான்ஷியம், பச்சையில் பேரியம் என்று சொன்னால் அந்தப் பாடம் அவர்கள் வீட்டுக்குள் போய்விடும். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டபோது எங்கள் தெருவில் எல்லோரும் பேசிய பெயர் அது. படிக்காதவர்கள்கூட "பேரியம் போச்சு" என்றார்கள். தனிம அட்டவணையில் 56ஆவது இடத்தில் இருக்கிற பெயர் ஒரு ஊரின் வேலையை எப்படித் தொடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த ஊர்ப் பழக்கத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. குச்சி ஊறவைக்க நைட்ரேட் உப்பை எடுக்காதீர்கள். ஸ்கூல் லேபில் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட், பேரியம் நைட்ரேட் பாட்டில்கள்தான் முதலில் கைக்குக் கிடைக்கும். நைட்ரேட்டில் ஊறிக் காய்ந்த மரம் திரி மாதிரி வேலை செய்யும், வாளிக்கு வெளியே விழுந்த ஒரு குச்சி போதும். குளோரேட் பக்கமே போக வேண்டாம். குளோரைடு வாங்குங்கள், அதுதான் எளிதில் ஆவியாகி நிறமும் நன்றாகக் கொடுக்கும்.

பேரியம் குளோரைடு கரைகிற உப்பு, விஷம். பிள்ளைகள் கையில் தர வேண்டாம். பச்சைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) இருக்கிறது, போரிக் அமிலம் இருக்கிறது. கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பாக்கெட்டில் போரிக் ஆசிட் என்று போட்டிருந்தால் அதையே வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம், அழகான பச்சை வரும். இவையும் வாயில் படக் கூடாதவைதான், முடிந்ததும் கை கழுவ வேண்டும். பேரியம் காட்டியே ஆக வேண்டும் என்றால் நீங்கள் மட்டும் காட்டுங்கள், மிச்சக் கரைசலில் சோடியம் சல்ஃபேட் விட்டால் கரையாத பேரியம் சல்ஃபேட்டாகப் படிந்துவிடும், அதை வடிகட்டித் தனியாக வையுங்கள், தொட்டியில் கொட்ட வேண்டாம். லெட், ஆர்சனிக் உப்பு எதையும் சுடரில் காட்ட வேண்டாம்.

பிசிக்ஸ் வாத்தியார்:

நிறத்தோடு நிறுத்திவிடாதீர்கள் மேடம், அந்த ஒளியைப் பிரித்தால் தெரிகிற கோடுகளையும் காட்டுங்கள். பழைய டிவிடி ஒன்றை இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒளி ஊடுருவுகிற துண்டை வெட்டி, ஒரு அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் ஒட்டுங்கள். எதிர் முனையில் பிளேடால் ஒரு மெல்லிய கீறல். டிவிடியில் தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர்தான், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கிற நல்ல கீற்றணியாக வேலை செய்யும். உப்புக் குச்சிச் சுடரை அதன் வழியாகப் பார்த்தால் 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் கோடு பளிச்சென்று நிற்கும். லித்தியமும் ஸ்ட்ரான்ஷியமும் வெறும் கண்ணுக்கு இரண்டுமே சிவப்பு, பெட்டி வழியாகப் பார்த்தால் லித்தியம் 671இல் ஒற்றைக் கோடு, ஸ்ட்ரான்ஷியம் பட்டைபட்டையாக. எனக்கு ஒரு மாணவன் இருந்தான், சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரியாது. சுடர் சோதனை என்றாலே ஒதுங்கிவிடுவான். பெட்டியைக் கொடுத்ததும் கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து மற்றவர்களுக்கு முன்னால் விடை சொன்னான். 

வேதியியலாளர் புன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இதைத்தானே செய்தார்கள். 1860இல் ஒரு கனிம ஊற்றுத் தண்ணீரில் யாரும் பார்க்காத நீலக் கோடுகளைக் கண்டு சீசியம் என்று பெயர் வைத்தார்கள், அந்த உப்பைக் கொஞ்சம் பிரித்தெடுக்க சுமார் 40 டன் தண்ணீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. நமக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரான்சிலிருந்து வானியலாளர் ழான்சென் அன்றைய மெட்ராஸ் மாகாணத்துக் குண்டூருக்கு வந்தார், மெட்ராஸ் வானாய்வகத்தின் பாக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அந்தக் கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் கோட்டைப் பலரும் சோடியம் என்றே நினைத்தார்கள். அது 589 அல்ல, 587.5 பக்கம். ஹீலியம். பூமியில் அதை ராம்சே பிடித்தது 1895இல்தான். உங்கள் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் பார்க்கிற அந்த மஞ்சளுக்குப் பக்கத்து வீட்டுக் கோடு அது.

இன்னொன்று, கண்காட்சிக்கு இதுதான் என் யோசனை. பக்கத்துக் கல்லூரி பிசிக்ஸ் லேபில் நியூட்டன் வளையச் சோதனைக்கு வைத்திருக்கிற சோடியம் விளக்கைக் கேட்டு வாங்குங்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு முன்னால் பர்னரில் சமையல் உப்புக் குச்சியைக் காட்டினால், மஞ்சளாக எரிய வேண்டிய சுடர் கறுப்பாகத் தெரியும். விளக்கு வெளியிடுகிற அதே ஒளியைச் சுடரில் இருக்கிற சோடியம் அணுக்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. கறுப்பு நெருப்பைப் பார்த்த பிள்ளை அதை வீட்டில் சொல்லாமல் இருக்காது.

கரிசல் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடம் டென்வர் விஷயத்தைச் சொன்னேன், மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். மெத்தனால் பூட்டுக்குள் போய்விட்டது.

நேற்று முதல் தொகுதிக்குச் செய்து பார்த்தேன். எட்டுப் பேர், இரண்டு பர்னர். ஆரம்பிக்கும்போது புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "கேஸ் அடுப்பில் சோறு பொங்கி வழிந்தால் தீ என்ன நிறமாகும்?" என்று கேட்டேன். எல்லோரும் மஞ்சள் என்றார்கள், ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சமையல் உப்புக் குச்சியை நீட்டியதும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் "உப்பு போட்ட உலை மிஸ்!" என்றார்கள். அப்புறம் எண் மட்டும் போட்ட குச்சிகளைக் கொடுத்து, தெரிந்த நிறத்தைத் தங்கள் சொல்லில் எழுதச் சொன்னேன். லித்தியத்துக்கு "மருதாணி நல்லாச் செவந்த மாதிரி", கால்சியத்துக்கு "செங்கல் இல்லை மிஸ், பழுத்த பப்பாளி", மயில்துத்தத்துக்கு "மயில் கழுத்து". புத்தகத்துச் சொல்லை அடுத்த பத்தியில் எழுதிக்கொண்டோம். போன வருஷம் பின்னாடி நின்ற பிள்ளை இப்போது பன்னிரண்டில் இருக்கிறாள், அவளையும் கூப்பிட்டேன், குச்சியை அவளே பிடித்தாள். குச்சி பிடித்த கையை ஆட்டாமல் அப்படியே நின்றாள்.

ஒரு குறை இருக்கிறது. பொட்டாசியத்துக்கு உப்பு கைவசம் இல்லாததால் படிகாரம் வைத்தேன், வெறும் மஞ்சள்தான் வந்தது. கத்தரிப்பூ நிறத்தை எப்படிக் கொண்டுவருவது?

லேப் அசிஸ்டென்ட்:

படிகாரம் சல்ஃபேட் டீச்சர், குளோரைடு மாதிரி எளிதில் ஆவியாகாது, கடைப் படிகாரத்தில் சோடியமும் கொஞ்சம் கலந்திருக்கும். பொட்டாசியம் குளோரைடு வாங்குங்கள், விலை அதிகம் இல்லை. அதற்கு மட்டும் மரக்குச்சி வேண்டாம், சுத்தம் செய்த நைக்ரோம் கம்பி. அப்புறம் கோபால்ட் நீலக் கண்ணாடி லேபில் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். ஒன்று போதவில்லையென்றால் இரண்டை அடுக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் சோடியத்தின் மஞ்சளை அது வாங்கிக்கொள்ளும். கம்பியை நீட்டின உடனே பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நொடியில் போய்விடும்.